அந்தோனியாருக்கு நேர்ந்த சேவல்

எங்கள் வீட்டு மேசையில், இழுத்துத் திறக்கிற மேல் லாச்சியில், முத்திரைகளுக்கும் ஊசிப் பெட்டிக்கும் நடுவில், சென்ற ஆண்டு வரை ஒரு சிறு வளையம் கிடந்தது. மீன்வலை கட்டும் நீல நைலோன் நூலைச் சில சுற்றுச் சுற்றி, ஒரே முடிச்சில் இறுக்கிச் செய்த வளையம். என் சின்னவிரலில் மட்டுமே நுழையும். எந்தப் பொருளையும் அதனதன் இடத்தில் வைக்கிறவள் நான். வீடு எத்தனை முறை மாறினாலும் இந்த வளையத்துக்கு லாச்சியில் இதே இடம்தான். பார்த்தவர்கள் என்னவென்று கேட்டால், ஒரு சேவலின் காலில் இருந்தது என்பேன். கொஞ்சம் யோசிக்கிறவர்கள் அடுத்த கேள்வியையும் கேட்பார்கள்: பாதமும் விரல்களும் விரிந்து நிற்கிற காலில் இருந்து இவ்வளவு சிறிய வளையம் வெட்டாமல் எப்படிக் கழன்றது? அதற்குப் பதில் சொல்ல நேரம் எடுக்கும் என்பதால் தேநீர் ஊற்றப் போய்விடுவேன். இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

வளையத்தைக் கட்டியவர் என் பெரியப்பா, அப்பாவின் மூத்த அண்ணன். குருநகர் கரையில் சொந்தமாகப் படகும் வலையும் வைத்திருந்த சம்மாட்டியார். நான் குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டதால் அம்மாவும் நானும் பெரியப்பா வீட்டின் பின்னறையில் இருந்தோம். அவர் மெதுவாகக் கதைத்து யாரும் கேட்டதில்லை. காற்றுக்கு மேலால் கத்திப் பழகிய தொண்டை அது. உள்ளங்கைகள் கயிறு அறுத்து அறுத்துக் காய்த்துப் போயிருந்தன. காயப்போட்ட வலையின் மேல் கோழி ஏறினால் காலால் எத்திவிடுவார். ஆகவே, அவர் ஒரு சேவலை மடியில் வைத்து அதன் விரலிடுக்கைப் பழைய பல்தூரிகையால் தேய்த்ததை நான் சொன்னால், அவரை அறிந்தவர்கள் இன்றும் நம்புவதில்லை.

அவருக்கு ஒரே மகன். எனக்குப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். எண்பத்தாறில், கடலுக்குப் போகத் தடை இருந்த காலத்தில், வீட்டில் சும்மா இருந்து சலித்துப்போய் அண்ணை இன்னொருவரோடு படகை எடுத்துக்கொண்டு போனார். “போகாதை எண்டு சொல்லிப்போட்டன். போனால் உன்ரை பாடு” என்று பெரியப்பா வாசலில் நின்று கத்தினது எனக்கு நினைவிருக்கிறது. அண்ணை திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டினார். படகும் வரவில்லை, இருவரும் வரவில்லை.

பெரியம்மா அந்தோனியாருக்குச் சேவல் நேர்ந்தார். காணாமற் போனதைக் கண்டு தருகிறவர் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் அவரிடம்தான் போவார்கள். பெரியம்மா கேட்ட முறை எனக்கு அப்படியே மனப்பாடம்: “என்ரை பிள்ளை இந்த வாசலிலை வந்து நிக்கோணும். நிண்ட கையோடை சேவலைக் கொண்டுவந்து உம்மடை காலடியிலை விடுவன்.” வளவில் நின்ற குஞ்சுகளில், இன்னும் ஒழுங்காகக் கூவத் தெரியாத ஒரு வெள்ளைச் சேவலைத் தேர்ந்தார்கள். எங்கள் கோயில் பங்கில் நேர்ந்துவிட்ட கோழிக்கு ஓர் அடையாளம் இடுவது வழக்கம். அதன் பிறகு அதை விற்கவும் கூடாது, சமைக்கவும் கூடாது. பழுதில்லாமல் வளர்த்து, கேட்டது கிடைத்ததும் ஒரு செவ்வாய்க்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோய் விடவேண்டும். பெரும்பாலானவர்கள் சிவப்புத் துணி கட்டுவார்கள். பெரியப்பா துணி கிழிந்துவிடும் என்று வலைநூலைக் கட்டினார்.

முதல் திங்கட்கிழமையே அவர் சேவலைக் குளிப்பாட்டினார். ஏன் என்று பெரியம்மா கேட்டதற்கு, கேள்வியே பிழை என்பது போல ஒரு பார்வை பார்த்தார். “அவன் எந்தக் கிழமை வருவான் எண்டு ஆருக்குத் தெரியும்? வந்தவுடனை கொண்டு போகவேணும். ஊத்தைக் கோழியோடையே கோயில் படியேறுறது?” அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கள் பின்னேரமும் அந்தக் குளிப்பு நடந்தது.

முறையை எழுதிவைக்கிறேன், இனி இதை அறிந்தவள் நான் மட்டும்தான். காலையிலேயே தண்ணீரை எனாமல் பேசினில் எடுத்து வெயிலில் வைக்கவேண்டும். பின்னேரம் அது கைக்கு இதமாக இருக்கும். சேவலைத் தண்ணீரில் அமுக்கக் கூடாது. கால்கள் முதலில் இறங்க வேண்டும், அது தானாக நின்று பழக வேண்டும். பல்தூரிகையால் கால் செதிள்களை மேலிருந்து கீழாகத் தேய்த்து விரலிடுக்கைத் துடைக்க வேண்டும். பிறகு நெஞ்சு. பிறகு ஒவ்வொரு சிறகாக விரித்து, இறகின் அடியில் இருந்து நுனிக்கு வழித்துவிட வேண்டும். எதிர்ப்பக்கமாக ஒருபோதும் கை போகக் கூடாது. தலையில் தண்ணீர் ஊற்றவே கூடாது, ஈரத்துணியால் ஒற்ற வேண்டும். செள்ளுப் பூச்சி வராமல் வேப்பிலை அவித்த தண்ணீரால் கடைசியாக ஒரு முறை. தலைக் கொண்டைப் பூவுக்குத் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு. பிறகு தான் உடுத்துப் பழசான சாரத் துண்டில் குழந்தையைப் போல் சுற்றி, முகம் மட்டும் வெளியே தெரிய மடியில் வைத்திருப்பார். சேவல் மெல்லக் கண்ணை மூடிவிடும். “என்ரை ராசா, மற்றக் காலைத் தா. ராசா, கொஞ்சம் பொறு” என்று அவர் சொல்லும்போது அந்தத் தொண்டையில் இருந்து அவ்வளவு தணிந்த குரல் வருமா என்று எனக்கு வியப்பாக இருக்கும். அண்ணையை அவர் ஒருநாளும் ராசா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. டேய் என்றுதான் கூப்பிடுவார்.

எங்கள் கிணறு உவர். சவர்க்காரம் நுரைக்காது, திரிந்து வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். அதனால் கடைசிக் கழுவலுக்குக் குடிதண்ணீர்க் குடத்தில் கைவைத்தார். “மனுசருக்குக் குடிக்கக் காணாது. சேவலுக்கு நல்ல தண்ணி கேக்குது” என்று பெரியம்மா முணுமுணுத்துக்கொண்டே ஊற்றிக் கொடுப்பார். கடலுக்குப் போக முடியாமல் வாசல் ஒழுங்கையில் குந்தியிருந்த மற்ற ஆண்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு.

“சம்மாட்டியார், பவுடர் போடேல்லையோ?”

“மாப்பிளைக்குப் பொம்பிளை பாத்தாச்சோ?”

“உன்ரை தலையைவிட அவன்ரை தலை துப்புரவு. போய் முதல் குளிச்சிட்டு வா” என்பார் பெரியப்பா, தலை நிமிராமல்.

ஒரு பிழை விட்டார். அதைச் சொல்லாமல் போனால் அவரை முழுதாகச் சொன்னதாகாது. வாரந்தோறும் சவர்க்காரம் போட்டதில் இறகில் இருந்த இயற்கையான எண்ணெய்ப் பசை போய்விட்டது. மாரி மழை தொடங்கியதும் மற்றக் கோழிகளின் முதுகில் இருந்து தண்ணீர் உருண்டு விழ, எங்கள் சேவல் மட்டும் சாக்குப் போல ஊறி நடுங்கியது. பெரியப்பா யோசித்தார். தண்ணீர் ஊறாமல் இருக்கப் படகுக்கு என்ன பூசுவார்கள்? சுறா எண்ணெய். போத்தலில் மிச்சம் இருந்ததை எடுத்து, இறகு இறகாகத் தடவிவிட்டார். சேவல் பளபளத்தது. பின்னேரம் ஆவதற்குள் ஒழுங்கையில் உள்ள பூனைகள் எல்லாம் எங்கள் மதிலில் வரிசையாக வந்து இருந்துவிட்டன. சேவல் எங்கே போனாலும் பின்னால் ஊர்வலம். அது பயந்து வீட்டுக்குள் ஓடிவந்து பெரியம்மாவின் கட்டிலில் ஏறியது; மெத்தை விரிப்பு, தலையணை எல்லாம் சுறா நாற்றம். பெரியப்பா விளக்குமாற்றோடு பூனைகளைக் கலைக்க, அண்ணை போன நாளுக்குப் பிறகு முதல்முறையாகப் பெரியம்மா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழத் தொடங்கினார். பெரியப்பா விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, சேவலைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். அதன் பிறகு சவர்க்காரம் எப்போதாவது ஒருமுறைதான். மற்ற வாரங்களில் வேப்பிலைத் தண்ணீர் மட்டும்.

அடுத்த ஆண்டு, கோயில் சுவாமியார் மூலமாக ஒரு கடிதம் வந்தது. இயந்திரம் பழுதாகிப் படகு அடித்துக்கொண்டு போய் இந்தியக் கரையில் ஒதுங்கியதாகவும், இருவரும் உயிரோடு முகாமில் இருப்பதாகவும் அண்ணை எழுதியிருந்தார். ஒழுங்கையே கூடிவிட்டது. பிள்ளை கிடைத்துவிட்டான், இனிச் சேவலைக் கொண்டுபோய் விடலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். பெரியம்மாவுக்கும் அரை மனம். பெரியப்பா அசையவில்லை.

“நாங்கள் கேட்டது ஆளை. கடுதாசியை இல்லை” என்றார்.

திங்கட்கிழமைகள் தொடர்ந்தன. கால் தடித்தபோது வளையத்தை வெட்டிவிட்டுப் புதிது கட்டினார். கத்தி தோலில் படாமல் இருக்க நூலுக்கு அடியில் ஓர் ஓலை ஈர்க்கை நுழைத்துக்கொள்வார்.

தொண்ணூறில் சண்டை மூண்டு கரையில் இருக்க முடியாமல் போனது. உடுப்பு மூட்டை, அந்தோனியார் படம், பேசின், ஓலைக் கடகத்துக்குள் சேவல் என்று உரும்பிராய்க்குப் போனோம். அங்கே ஒரு தோட்டக்காரக் குடும்பம் தங்கள் வளவில் வெங்காயம் காயவிடும் கொட்டிலை எங்களுக்குத் தந்தது. மற்றக் கோழிகளைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்தோம். உரும்பிராய்க் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் பொங்கிப் பொங்கி நுரைத்தது. பெரியப்பா கையில் நுரையை ஏந்தி எனக்குக் காட்டினார். “பாத்தியே மோனை, இது தண்ணி!” பளிச்சென்று கழுவி, உலர்த்தி, மடியில் இருந்து இறக்கிவிட்டார். சேவல் நாலு எட்டு நடந்து, மிளகாய்க் கன்றுகளுக்கு நடுவே செம்மண்ணைக் கிளறி, அதில் புரண்டு, செங்கல் நிறத்தில் எழுந்து நின்று செட்டையை உதறியது.

வீட்டுக்கார அக்கா வாய்க்கால் வரம்பில் நின்று சிரித்தார். “ஐயா, உது மண்ணிலை குளிக்கிற சீவன். நீங்கள் ஏன் தண்ணியோடை மல்லுக்கட்டுறியள்?”

“அது உங்கடை ஊர்ச் சேவல் பிள்ளை. இது கோயிலுக்குப் போற சேவல்” என்றார் பெரியப்பா. ஆனால் அன்றைக்கு அவர் அதைத் திரும்பக் கழுவவில்லை. அது புரண்டு முடிக்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

பொருளாதாரத் தடைகளால் சவர்க்காரம் கிடைக்காமற் போன காலம் அது. பெரியப்பா தன் பங்கை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு வைத்துவிட்டு, தான் பனம்பழக் களியால் தேய்த்துக் குளித்தார். தொண்ணூற்றொன்றின் மாரிக்குச் சற்று முன்னர் கோழிகளுக்குத் தொற்று வருத்தம் வந்து, ஊர்க் கோழிகள் தூங்கித் தூங்கி விழுந்து செத்தன. வீட்டுக்கார அக்காவின் பட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை. எங்கள் சேவல் கொட்டிலுக்குள் பெரியப்பாவின் காலடியில் தனியே கட்டப்பட்டிருந்ததால் தப்பியது.

அதே காலத்தில்தான் எனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்ட பிறகும் எழுந்து நிற்க முடியவில்லை. கஞ்சி வயிற்றில் தங்கவில்லை. பால்மா கடைகளில் இல்லை. கடலுக்குப் போவாரில்லாமல் மீனும் இல்லை. வந்து பார்த்த வைத்தியர் அம்மாவை வெளியே கூப்பிட்டு, பிள்ளையின் உடம்பில் பலம் ஒன்றும் இல்லை, கோழிச் சூப்பாவது உள்ளே போகாவிட்டால் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்று சொன்னார். அம்மா ஊர் முழுவதும் அலைந்தார். கோழி இல்லை. கொட்டிலுக்குள் ஒன்று கட்டியிருந்தது. அதைப் பற்றி அம்மா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எவ்வளவு பாடுபட்டுச் சொல்லாமல் இருந்திருப்பார் என்று, நானும் ஒரு தாயான பிறகுதான் யோசித்தேன்.

அடுத்த நாள் பாயில் கிடந்தபடி கதவிடுக்கால் பார்த்தேன். கிணற்றடியில் பெரியப்பா சேவலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். பெட்டியில் சேர்த்து வைத்திருந்த சவர்க்காரம் முழுவதையும் கரைத்திருக்க வேண்டும். பேசின் விளிம்பால் நுரை வழிந்தது. கால், விரலிடுக்கு, நெஞ்சு, சிறகு. ஒன்றையும் அவசரப்படுத்தவில்லை. சாரத் துண்டில் சுற்றி நெடுநேரம் மடியில் வைத்திருந்தார். அன்றைக்குப் புதன்கிழமை. வீட்டுக்கார அக்கா சந்தைக்குப் போகிற நாள் என்பதால் எனக்குத் திட்டமாகத் தெரியும். புதன்கிழமையில் குளிப்பு இல்லையே! எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. இருந்த பலத்தை எல்லாம் கூட்டிக் கேட்டேன்:

“பெரியப்பா, அண்ணை வந்திட்டாரோ?”

அவர் திரும்பிப் பார்த்தார். “நீ படு மோனை” என்றார். அதே தணிந்த குரல். சேவலுக்குச் சொல்லும் குரல்.

பின்னேரம் கொட்டிலுக்கு வெளியே மூன்று கல் வைத்த அடுப்பில் சட்டி கொதித்தது. பெரியம்மா அந்தச் சட்டிக்குக் கிட்டவே வரவில்லை. வேலியோடு ஒட்டி நின்று, எல்லோருக்கும் கேட்கவே கதைத்தார்.

“நேர்ந்தது நான். என்னை ஒரு சொல்லுக் கேட்டியளோ? என்ரை பிள்ளை வர இருந்த வழியை அடைச்சுப் போட்டியளே!”

“இஞ்சை பார்” என்றார் பெரியப்பா. “அந்தோனியார்ரை கையிலையும் ஒரு குழந்தைப்பிள்ளை இருக்கு. படத்தை நல்லாப் பார். அவருக்கு விளங்கும்.”

“விளங்காட்டில்?”

“விளங்காட்டில் என்னோடை கோவிக்கட்டும். உன்னோடை இல்லை.”

கோப்பையை எடுத்தவர் அம்மா. அம்மா சாய்த்த கரண்டியில் இருந்து சூப் பாயில் சிந்தியது. அப்போது பெரியம்மா வேலியடியில் இருந்து வந்து, அம்மாவின் கையில் இருந்து கரண்டியைப் பறித்து, என் தலையைத் தன் தொடையில் தூக்கி வைத்துப் பருக்கினார். ஒவ்வொரு கரண்டிக்கும் ஊதினார். நான் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். சண்டை காதில் விழுந்தும், என்ன குடிக்கிறேன் என்று அந்த மயக்கத்தில் எனக்கு விளங்கவில்லை. கட்டியிருந்த கயிறு வெறுமனே கிடந்ததை இரண்டு நாட்களுக்குப் பிறகுதான் கண்டேன். பெரியப்பாவோடு பெரியம்மா மழைக்காலம் முடியும் வரை முகங்கொடுத்துக் கதைக்கவில்லை.

வளையம் வெட்டாமல் கழன்ற விதம் இதுதான். கறிக்கு வெட்டுகிறபோது பாதத்தைத் தறித்துவிடுவார்கள் அல்லவா? அப்படிக் கழன்று வந்த வளையத்தைப் பெரியப்பா வெறுமையாகிவிட்ட சவர்க்காரப் பெட்டிக்குள் போட்டு வைத்தார். தொண்ணூற்றைந்தில் உரும்பிராயையும் விட்டுப் புறப்பட்டபோது அந்தப் பெட்டி அவரது சட்டைப்பையில் இருந்தது. கரைக்குத் திரும்பி வந்து சில ஆண்டுகளில் அவர் இறந்தார்; பின்னர் பெரியம்மா. அண்ணை இந்தியாவில் இருந்து நோர்வேக்குப் போய், அங்கே மீன் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்து, மணம் முடித்து, வருவேன் வருவேன் என்று எழுதிக்கொண்டே இருந்தார். முதலில் கடவுச்சீட்டு இல்லை. பிறகு இங்கே நிலைமை சரியில்லை. பிறகு பிள்ளைகளின் படிப்பு. பெட்டி என்னிடம் வந்தது. ஒவ்வொரு தடங்கலைக் கேள்விப்படும்போதும் என் நாக்கில் அந்தச் சூப்பின் உப்பு கரித்தது. இது நியாயமான கணக்கு அல்ல என்று எனக்குத் தெரியும். நியாயம் தெரிவதால் மனம் அடங்கிவிடுவதில்லை.

சென்ற ஆண்டு ஒரு காலை, வாசலில் நரைத்த தலையோடு ஒருவர் நின்றார். பெரியப்பாவின் வீடு இருந்த அதே வளவு, அதே வாசல். முழங்கால் நோவால் ஒரு பக்கம் சாய்ந்து நின்றார். கையை ஆட்டினார்.

அன்று மத்தியானம் சாப்பிட்ட பிறகு லாச்சியைத் திறந்து வளையத்தை அண்ணையின் முன்னால் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். சேவல் நேர்ந்தது அவருக்குத் தெரியும். அது என்ன ஆனது என்பதை யாரும் அவருக்கு எழுதியிருக்கவில்லை. அவர் வளையத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரது தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன், சிரித்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நீ சூப்புக் குடிச்சதாலைதான் நான் கிழவனாகி வந்து நிக்கிறன் எண்டுறாய்?”

“அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு இருந்தன்.”

“விசரி. சோம்பலும் பயமும். வேறை ஒண்டும் இல்லை.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சேவல் எங்கை வாங்கலாம்?”

உரும்பிராய்க்குப் போகிற வழியில் உள்ள திருநெல்வேலிச் சந்தையில் ஒரு வெள்ளைச் சேவல் வாங்கினோம். திங்கட்கிழமை காலை பேசினில் தண்ணீர் எடுத்து வெயிலில் வைத்தேன். பின்னேரம் அண்ணை சேவலைப் பிடித்து நேராகத் தண்ணீருக்குள் அமுக்கப் போனார். அது செட்டை அடித்து இருவரையும் நனைத்தது.

“காலிலை இருந்து அண்ணை. காலிலை இருந்து. அது தானா நிக்கட்டும்.”

“உனக்கு எப்பிடித் தெரியும்?”

“ஒவ்வொரு கிழமையும் பாத்தனான். பெரியப்பா இதை ராசா எண்டுதான் கூப்பிடுவார்.”

அண்ணையின் கை நின்றது. “என்னை ஒருநாளும் கூப்பிடேல்லை” என்றார். பல்தூரிகையை எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் ஒவ்வொரு விரலாக, இடுக்கு இடுக்காக, மிக மெதுவாகத் தேய்க்கத் தொடங்கினார்.

கடைசியில் வளையம். நான் எத்தனையோ முறை ஊசியால் நெம்பிப் பார்த்தும் இளகாத முடிச்சு அது. அண்ணை அதைப் பார்க்கக்கூட இல்லை. சேவலின் முகத்தைப் பார்த்தபடியே கட்டைவிரல் நகத்தால் ஓரிடத்தில் தள்ளினார். நூல் அவிழ்ந்து நீண்டது. சேவலின் காலில் சுற்றி, அதே நூலை அதே முடிச்சால் இறுக்கினார். கோழி குளிப்பாட்டத் தெரியாத அந்தக் கைகள் தகப்பனின் முடிச்சை மறந்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பூசைக்கு முன்பே அதைக் கொண்டுபோனோம். படிக்கட்டின் அருகே அண்ணை குனிந்து, உள்ளே அந்தோனியார் சுரூபத்தின் கையில் இருந்த குழந்தையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கைகளைத் திறந்தார். வெள்ளை வெளேரென்ற சேவல் கோயில் முற்றத்தில் நாலு எட்டு நடந்தது. நின்று யோசித்தது. பிறகு மதிலோரம் இருந்த மணலைக் கிளறிக் குழி பறித்து, அதில் படுத்து, இரண்டு செட்டையாலும் மணலை அள்ளி அள்ளித் தன் முதுகில் போட்டுக்கொண்டது.

“அவ்வளவு கழுவினதும் வீண்” என்றார் அண்ணை.

அது புரண்டு முடிக்கும் வரை நாங்கள் அங்கேயே நின்றோம். பறந்த புழுதிக்குள் அந்த நீல வளையம் தெரிவதும் மறைவதுமாக இருந்தது.